அடுத்த படகு

நெடுந்துறை மீனவனிடம் வயதைக் கேட்கலாம், வருமானத்தைக்கூடக் கேட்கலாம். நேற்று எங்கே வலை போட்டாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் வடக்கே கையைக் காட்டுவான். தெற்கே போயிருக்கிறான் என்று அர்த்தம். அது கேட்டவனுக்கும் தெரியும் என்பதால் சில சமயம் உண்மையிலேயே வடக்கே போயிருப்பான். கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டுக்கு அங்கே பார் என்று பெயர். தான் கண்டுபிடித்த பாரைக் கட்டிய மனைவியிடமும் சொல்லாமல் செத்துப்போனவர்கள் அந்த ஊர்க் கல்லறையில் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் டெல்பின் மச்சாது, ஒருவரை ஒருவர் ஒளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வலையமைப்பைச் செய்து கொடுத்தாள். அந்த ஊரிலேயே பிறந்தவள். தெரிந்தே செய்தாளா, மறந்துவிட்டுச் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

வானம் அடைபட்டுப் பதினேழு வருஷமாகிறது. ஒரு செயற்கைக்கோள் இன்னொன்றில் மோதி, அந்தச் சில்லுகள் மற்றவற்றை உடைத்து, கடைசியில் பூமியைச் சுற்றி ஓட்டைத் தகரமும் ஆணியுமாகப் பறந்துகொண்டிருந்தன. மேலே எதை அனுப்பினாலும் ஒரு வாரம் தாங்கவில்லை. கரையில் இருந்தவர்கள் தரைக்கடியில் போட்டிருந்த கம்பிகளை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். கடலில் இருந்தவர்களுக்குத்தான் கண்ணைக் கட்டிவிட்டது போல ஆகிவிட்டது. கரைக் கோபுரத்தின் அலை முப்பது கிலோமீட்டர் போகும். மீன் இருப்பதோ எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு அப்பால். அதற்குள் வலை இழுக்க இயந்திரம் வந்து, படகுக்கு ஒரே ஆள் என்றாகிவிட்டது. இரண்டு நாள், மூன்று நாள் தங்குகடல் போகிறவன் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் போய், வந்தால் வந்தான், வராவிட்டால் இல்லை என்று ஊர் பழகிக்கொண்டது.

டெல்பின் செய்தது எளிமையான காரியம். ஒவ்வொரு படகின் பாய்மரக் கம்பத்திலும் ஒரு சின்னப் பெட்டி. அது பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் மற்றப் பெட்டிகளோடு பேசும். வந்ததை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். கைமாறிக் கைமாறிச் செய்தி கரைக்கு வந்து சேரும். ஊர்க்காரர்கள் பெட்டிக்குக் கண்ணி என்று பெயர் வைத்தார்கள். முதல் வருஷத்திலேயே இரண்டு பேர் பிழைத்துக் கரை வந்தார்கள். அந்த வருஷம் மாதா திருவிழாவில் டெல்பினுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மூன்றாம் வருஷம், கச்சான் என்கிற மேல்காற்று அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரெமிஜியுஸின் படகு கவிழ்ந்தது. ரெமி என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள், இருபத்தாறு வயது. மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் கவிழ்ந்த படகைப் பார்த்தார்கள். ரெமி அதன் மேல் கிடந்தான், இடுப்பில் கயிறு கட்டியபடி. அவன் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை. வெயிலிலும் தாகத்திலும் செத்திருந்தான்.

*

மீன்துறையிலிருந்து விசாரணைக்கு வந்தவர் தணிகாசலம். காஞ்சிபுரத்துக்காரர், கடலைப் பார்த்தாலே ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்கிறவர். கரை நிலையத்தின் மேசையில் நாற்பது கண்ணிகளும் படகிலிருந்து கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"மேடம், எனக்கு இந்த நெட்வொர்க் சமாச்சாரம் ஒண்ணும் புரியாது. கடுதாசி போடற மாதிரி சொல்லுங்க," என்றார்.

"கடுதாசிதான் சார். ஆனா தபால்காரர்னு தனியா ஒருத்தர் கிடையாது. தெருவுல இருக்கிற எல்லாரும் தபால்காரர். உங்க கடுதாசிய பக்கத்து வீட்டுல கொடுப்பீங்க, அவங்க அடுத்த வீட்டுல கொடுப்பாங்க."

"எதுக்கு இவ்ளோ சுத்து? நடுக்கடல்ல பெரிசா ஒரு மிதவை போட்டு, எல்லாரும் அதோட பேசற மாதிரி வெச்சிருக்கலாமே?"

"வச்சா சுலபம்தான். அந்த ஒண்ணு புயல்ல போச்சுன்னா நாப்பது பேரும் ஊமையாயிருவாங்க. இதுல ஒரு படகு போனாலும் செய்தி வேற படகு வழியா சுத்தி வந்துரும். பத்து வழி இருக்கும்."

"கடுதாசிய நடுவுல இருக்கறவன் பிரிச்சிப் படிச்சிட்டா?"

"முடியாது. உறைமேல எங்க போகணும்னு மட்டும் இருக்கும். உள்ள யாரு எழுதினது, என்ன எழுதியிருக்குன்னு கரையில மட்டும்தான் திறக்க முடியும்."

தணிகாசலம் தலையை ஆட்டினார். "நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க. அப்ப எங்க தப்பாச்சி?"

பார்த்துச் சொல்கிறேன் என்றாள் டெல்பின். எங்கே தப்பாகியிருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது ஒன்றரை வருஷத்துக்கு முந்திய காலத்தில் போய் நின்றது.

அப்போது நடந்த கூட்டத்தில், விசைப்படகுச் சங்கத் தலைவர் பொனிப்பாஸ்தான் முதலில் எழுந்தார். "தாயி, எல்லாப் படகும் எல்லாப் படகையும் பாக்குதுன்னா, எம் பாரு ஊருப் பாரு ஆயிரும்லா? நான் இருபது வருசமா தேடிக் கண்டுபிடிச்சத இவன் ஒரு நாளுல வந்து வழிச்சிட்டுப் போயிருவாம்லா?" ஊரே ஒற்றைக் காலில் நின்றது. வேண்டுமென்றால் கண்ணியைக் கழற்றிக் கடலில் எறிகிறோம் என்றார்கள். எறியவும் எறிவார்கள்.

டெல்பின் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள். மறைவு என்று பெயர். அழுத்தினால் கண்ணி காதை மட்டும் திறந்து வைத்திருக்கும், வாயைத் திறக்காது. ஆனால் ஆபத்து அழைப்பு வந்தால் மறைவில் இருக்கும் படகும் அதை வாங்கி அடுத்ததற்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று வைத்தாள். அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நெடுந்துறை மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எவனோ ஒருவன் பொய்யாக ஆபத்து அழைப்பு விட்டான். மறைந்திருந்த படகுகள் அதை அனுப்ப வாயைத் திறந்தன. திறந்ததும் அவை எங்கே நிற்கின்றன என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் அவர்களுடைய பாரில் நான்கு படகுகள் நின்றன. அதே தந்திரத்தை அந்த மாதத்திலேயே மூன்று பேர் செய்தார்கள். உறைக்குள் இருக்கும் பெயரைக் கரையில் திறந்து பார்த்து அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டுச் சிரித்தார்கள். மறுபடி கூட்டம், மறுபடி கூச்சல். கடைசியில் டெல்பின் ஊரோடு ஒத்துப்போனாள். ஆபத்து அழைப்பு வந்தால் மறைவில் இருக்கும் படகு இனிமேல் தானாக அனுப்பாது, படகில் இருக்கிறவனைக் கேட்கும்: அனுப்பலாமா, வேண்டாமா? கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்கிறது என்றார்கள். இன்று மறுபடி கேட்காதே என்று மூன்றாவதாக ஒரு பொத்தானும் வைத்தாள்.

ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வலையமைப்பு வரைபடத்தில் அவள் ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. காகிதத்தில் பத்து வழிகளும் அப்படியே இருந்தன.

*

படகு கவிழ்ந்தால் கண்ணி தானாகக் கழன்று மிதக்கும்படி செய்திருந்தாள். அதனால் ரெமியின் கண்ணி கிடைத்துவிட்டது. அது முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு முதல் அழைப்பை அனுப்பியிருந்தது. பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், மாலை நான்கு நாற்பது வரை, மின்சாரம் தீரும்வரை. மொத்தம் முப்பத்தொரு தடவை. பொனிப்பாஸின் படகு அன்று மறைவில் இல்லை. அவர் கண்ணி முப்பத்தொரு அழைப்பையும் வாங்கி, அவருக்கே தெரியாமல், ஒழுங்காக அடுத்த கைக்குக் கொடுத்திருந்தது. அதற்கு அப்புறம் கரைவரைக்கும் எந்தப் படகின் கண்ணியிலும் அந்த அழைப்பு இல்லை. ஒரே ஒரு கண்ணியைத்தான் அவள் இன்னும் திறக்கவில்லை. அது ரெமியின் அண்ணன் கஸ்பாருடையது.

சனிக்கிழமை மதியம் கஸ்பார் தானாகவே வந்தான். தம்பியை அடக்கம் செய்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. மொட்டை வெயிலில் நடந்து வந்தவன் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"அக்கா, எம் பெட்டிய பாத்துட்டியளா?"

"இன்னும் இல்ல. உள்ள வா, உக்காரு."

அவன் உட்காரவில்லை. "அன்னைக்கு மத்தியானத்துக்கு முன்ன ஒரு அழைப்பு வந்துச்சு. நான்தான் வேண்டாம்னு அமுக்கினேன்."

டெல்பின் அவனைப் பார்க்காமல் கம்பியை எடுத்து அவன் கண்ணியில் சொருகினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"பொய்யின்னு நெனச்சேன்க்கா. முன்ன ஒருக்கா என்னையும் இப்படித்தான் ஏமாத்தினானுவ. மறுநாள் போனா எம் பாருல கூட்டமா நிக்கானுவ. இவன் வடக்க போறேன்னுல்லா சொன்னான். எங்கிட்டயே வடக்கன்னு சொன்னான்."

"அவன் புதுசா ஒரு பார் கண்டிருக்கான்," என்றாள் டெல்பின். அது ரெமியின் கண்ணியில் இருந்தது. பத்து நாளாக ஒரே இடத்துக்குப் போயிருந்தான். அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை.

"உறைமேல பேரு எழுதியிருந்தா, பாராவது ஒண்ணாவதுன்னு போயிருப்பேனே. பேரே இல்லையேக்கா. ஒரு படகு ஆபத்துல இருக்கு, அனுப்பலாமா வேண்டாமான்னு மட்டும்தான் கேட்டுச்சு." அவன் குரல் உடையவில்லை, தேய்ந்துபோயிருந்தது. "நெசமாவே இருந்தாலும் அடுத்த படகு அனுப்பிரும்னு நெனச்சேன். பத்து வழி இருக்கும்னு நீங்கதான கூட்டத்துல சொன்னிய."

சொன்னாள்தான். அன்று அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துக் கடலில் நின்ற ஒன்பது படகில் ஏழு, கேட்கிற தூரத்தில் இல்லை. எட்டாவது பொனிப்பாஸ், அவர் கண்ணிக்கு எட்டிய தூரத்திலும் இவனைத் தவிர வேறு படகு இல்லை. ஒன்பதாவது இவன். பத்து வழியும் இவன் ஒருவன் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, அது இவனுக்குத் தெரியாது. தெரியும்படி அவளும் எதையும் வைக்கவில்லை. அவனவன் மறைந்துகொண்டால் யார் கடைசிப் பாலம் என்று எவனுக்கும் தெரியாமல் போகும் என்ற சின்ன விஷயம், அத்தனை படித்தவளுக்கு ஒன்றரை வருஷமாக உறைக்கவில்லை.

திரையில் வரிகள் விழுந்தன. பதினொன்று நாற்பதில் அழைப்பு வந்தது. பதினொன்று நாற்பத்தொன்றில் வேண்டாம். அதே நிமிஷத்தில், இன்று மறுபடி கேட்காதே. அதற்குக் கீழே பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் வந்தது, விடப்பட்டது, வந்தது, விடப்பட்டது என்று முப்பது வரிகள். அந்த ஐந்து மணி நேரமும் கஸ்பார் வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். பதினாலு கிலோமீட்டர் தள்ளித் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"ஒரு தடவதான வந்துச்சு?" என்று கேட்டான் கஸ்பார்.

டெல்பின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆமா. ஒரு தடவதான்."

அவன் தலையை ஆட்டினான். "அம்மாட்ட நானே சொல்லட்டா, நீங்க சொல்லுதியளா?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ஏலக்கூடத்தில் கூடினார்கள். மீன் கழுவிய ஈரம் காயாத தரை. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் சலேத்தம்மாள். ரெமிக்கும் கஸ்பாருக்கும் அம்மா, புருஷன் போனபிறகு ஏலத்தில் மீன் எடுத்து விற்று இரண்டு பேரையும் ஆளாக்கியவள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் கஸ்பார் நின்றான். இரவெல்லாம் சொல்ல முயன்று சொல்லாதவன் முகம் அது.

தணிகாசலம் ஏதோ தொடங்கினார். சலேத்தம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு விசாரணை ஒண்ணும் வேண்டாம் சார். எம் பிள்ள கூப்பிட்டான், அது பெட்டியில இருக்குன்னு இந்தப் பிள்ள சொல்லிச்சு. கூப்பிட்டது எவன் காதுலயோ விழுந்திருக்கும். மக்ளே டெல்பினு, எந்தப் படகு? பேரை மட்டும் சொல்லு. அவன் வீட்டு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்துருதேன். வேற ஒண்ணும் செய்ய மாட்டேன்."

படகுக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என்றைக்கோ ஒரு அழைப்பு வந்து, வேண்டாம் என்று அழுத்திய ஞாபகம் இருந்தது. அது செவ்வாய்க்கிழமையா இல்லையா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் வாயைத் திறந்தான்.

டெல்பின் முந்திக்கொண்டாள். "யாரும் கேக்கல மாமி."

அவளுக்கே தன் குரல் தெளிவாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது. "ஒரு செய்தி கரைக்கு வராம கடலுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து வழிய அடைச்சிரக் கூடாதுன்னு, ஏழு கைக்கு மேல மாறக் கூடாதுன்னு வச்சிருந்தேன். ரெமியோட அழைப்பு சுத்துவழியில வந்து ஏழாவது கையில நின்னுபோச்சு. எல்லாம் பெட்டிக்குப் பெட்டி நடந்தது, மனுசன் காதுக்கு வரல. தப்பு நான் போட்ட கணக்குல."

ஏழு கை என்பது உண்மை. எல்லா வலையமைப்பிலும் அப்படி ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. கூடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டதை அவள் கேட்டாள். உடனே பின்னாலிருந்து ஒருவன், "படிச்சவ லட்சணம் இதுதானா?" என்றான். இன்னொருவன் சால்வையைத் திருப்பிக் கேட்கச் சொன்னான். அவர்களுக்கு ஏச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. டெல்பின் அதை வாங்கிக்கொண்டு நின்றாள்.

சலேத்தம்மாள் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று டெல்பின் எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"ஏழுக்குப் பதிலா எட்டுன்னு வச்சிருக்கக் கூடாதா மக்ளே?" என்றாள் சலேத்தம்மாள். "ஒண்ணு கூட்டிப் போட உனக்கு என்ன கஷ்டம்?"

டெல்பின் அழுதாள். சலேத்தம்மாள் அழவில்லை. "போட்டும். கேட்டவன் எவனும் இல்லன்னு சொன்னியே, அது போதும். கேட்டுட்டு வராம இருந்தவன் இந்த ஊருக்குள்ள நடமாடுதான்னா நான் எப்படி இங்க இருப்பேன்?" என்று சொல்லிவிட்டு, கஸ்பாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஏழை இருபதாக மாற்றுவது என்று தீர்மானம் போட்டார்கள். தணிகாசலம் ஒரு பக்க அறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். மறைவைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. கடைசியில் பொனிப்பாஸ்தான் பொதுவாகச் சொன்னார்: "எண்ணக் கூட்டியாச்சுல்லா. அப்ப மறைவுல ஒண்ணும் கொற இல்ல. அது அப்படியே இருக்கட்டும்." டெல்பின் எழுந்து, இல்லை, அதுதான் கொன்றது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால் யார் என்று கேட்பார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

*

எட்டு நாள் கழித்துக் கஸ்பார் கடலுக்குக் கிளம்பினான். அதிகாலையில் கரை நிலையத்துக்கு வந்து, "இனிமே மறைவத் தொடவே மாட்டேன்க்கா. எது வந்தாலும் எங்கிட்டக் கேக்காம அனுப்புத மாதிரி வச்சுருங்க," என்றான். வைத்துக் கொடுத்தாள். அவன் நன்றி சொன்னபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முப்பத்தொன்பது படகுகளும் கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவைத் தாண்டியபோது திரையில் அத்தனையும் பச்சைப் புள்ளிகளாக நின்றன. ஐந்து கிலோமீட்டரில் முதல் புள்ளி அணைந்தது. பத்தாவது கிலோமீட்டரில் பாதி அணைந்தன. எண்ணைக் கூட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்ற தைரியத்தில் முன்பு மறையாதவர்களும் மறைந்தார்கள். பொனிப்பாஸும்கூட. எட்டரை மணிக்கெல்லாம் கோபுரத்தைத் தவிரக் கடலில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. அது மட்டும் நேராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவனுக்கும் கரைக்கும் நடுவில் முப்பத்தெட்டுப் படகுகள் இருந்தன, அவனுடைய குரலை வாங்கிக் கைமாற்ற ஒன்றுகூட இல்லை. முப்பதாவது கிலோமீட்டரில், கோபுரத்தின் எல்லையில், கஸ்பாரின் புள்ளியும் போய்விட்டது. அவன் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்க மாட்டான் என்று டெல்பினுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இந்தத் திரை இன்று இப்படி இருக்காது என்பதும் தெரியும்.

ஒன்பது மணிக்குச் சலேத்தம்மாள் வந்தாள். ஏலத்துக்குப் போகிற வழி, கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இதற்கு முன் அவள் அந்த அறைக்கு வந்ததில்லை.

"இதுலதான எல்லாப் படகும் தெரியும்?"

"ஆமா மாமி."

"எம் பிள்ள எங்க இருக்கான்?"

டெல்பின் திரையைப் பார்த்தாள். ஓரத்தில், கரையை ஒட்டி, கோபுரத்தின் பச்சைப் புள்ளி மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் சொல்வதற்குள் சலேத்தம்மாள் குனிந்து அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதா?"

"ஆமா," என்றாள் டெல்பின்.

"இவ்ளோ பக்கத்துலயா இருக்கான்," என்று சொல்லிவிட்டுச் சலேத்தம்மாள் கூடையை எடுத்துக்கொண்டாள்.